வேட்டுக்கார வதூதுக்கு ஒரு சாட்சி

என் காக்கா அப்துல் வதூது வெடிகுண்டு வீசுகிற ஆள் என்று போலீஸ் சொன்னதாக முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கூடப்பிறந்தவர் செத்துக் கிடக்கும்போது தங்கைக்குச் சிரிப்பு வருமா என்று கேட்காதீர்கள். அந்த மனிதரைத் தெரிந்த யாருக்கும் அப்படித்தான் வந்திருக்கும். வீட்டில் கோழி அறுக்க வேண்டுமென்றால் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாரைக் கூப்பிட்டு விட்டுவிட்டு, கொல்லைப்பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஆள் அவர். அவரா குண்டு வீசுவார்? நல்லாயிருக்கிறது கதை!

எங்கள் ஊர் தைக்கால்மேடு. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கிற சின்ன ஊர். ஒரு பள்ளிவாசல், நாலு தெரு, பக்கத்தில் ஒரு ரயில் பாலம். ஊர் ஆண்களில் பாதிப் பேர் மலேயாவில் கடைகளில் வேலை பார்த்தார்கள். காக்காவும் ஒரு தடவை பினாங்கு போய்ப் பார்த்தார். கப்பலில் ஏறின நிமிடமே வாந்தி எடுக்க ஆரம்பித்தவர், அங்கே இருந்த நாளெல்லாம் வீட்டுச் சோற்றையே நினைத்து இளைத்துப்போய்த் திரும்பி வந்தார். மற்றவர்கள் தங்கமும் சீமைத் துணியும் கொண்டு வந்தார்கள். இவர் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். எங்கள் உம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த விளக்குத்தான் பிறகு சோறு போட்டது. ஒன்று நாலைந்தாகி, கல்யாணம், சாமி ஊர்வலம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் காக்காவின் விளக்குத்தான் போகும். யார் கட்சிக் கூட்டம் காக்கா என்று நான் கேட்டால், "மூணு லைட்டுக் கூட்டம்" என்பார். அதற்கு மேல் அரசியல் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. மேடையில் ஒருவர் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருக்கும்போது, பின்னால் உட்கார்ந்து விளக்குக்குக் காற்று அடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் அவர் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

நோன்பு மாதம் வந்தால் மட்டும் அவருக்கு இன்னொரு வேலை. நோன்பு திறக்கிற நேரத்தில் பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள திடலில் வேட்டுப் போடுவது. எங்கள் வாப்பா பார்த்த வேலை, அவர் மௌத்தானதும் காக்கா கைக்கு வந்தது. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு என்று போடுகிறார்களே, அதேதான். தரையில் பாதி புதைத்த இரும்புக் குழாய். அதில் வெடிமருந்தைப் போட்டு, மேலே செங்கல் தூளை இடித்துக் கெட்டித்து, திரியில் நெருப்பு வைக்க வேண்டும். மருந்து கொடுப்பவர் திருவதிகையில் இருந்த வாணக்காரர் சடையப்பன். கோயிலுக்குக் கொடுக்கிற மருந்திலேயே பள்ளிவாசலுக்கும் ஒரு பங்கு ஒதுக்கி வைப்பார்.

வேட்டுப் போடுவதற்கு ஒரு முறை இருந்தது. மினாராவின் மேலே மோதினார் அப்துல் ஹக் கடிகாரத்தோடு நிற்பார். நேரம் வந்ததும் ஒரு பச்சைத் துணியைத் தொங்கவிடுவார். கீழே காக்கா, எரிகிற கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். பார்த்துவிட்டேன் என்று மோதினாருக்குச் சேதி, தள்ளிப் போங்கள் என்று சுற்றி நிற்பவர்களுக்கு எச்சரிக்கை. அப்புறம் குனிந்து திரியில் வைப்பார். வேட்டு அதிர்ந்ததும் மேலேயிருந்து தொழுகைக்கு அழைக்கிற பாங்கு கேட்கும். களத்தில் இருப்பவரும், கழனியில் இருப்பவரும், வீட்டுக்குள் இருக்கிற பெண்களும் ஒரே நேரத்தில் வாயில் தண்ணீர் வைப்போம். வருசக்கணக்காக வேட்டுப் போட்டு அவருக்கு வலது காது அடைத்தே போயிற்று. பசி தாங்காத ஆசாமி வேறு. சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே உலாத்திக்கொண்டு, "இன்னிக்கி சூரியனுக்கு என்னா வந்துச்சு, நவுர மாட்டேங்குதே" என்று புலம்புவார். அவர் மனைவி, என் மச்சி ஜொஹரா பீவி, வாய்விட்டுச் சிரிக்கும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தே காலத்தை ஓட்டினார்கள்.

அறுபத்தைந்தாம் வருசம் தை மாதத்தில் நோன்பு நடந்துகொண்டிருந்தபோது இந்தி எதிர்ப்புப் போராட்டம் தீப்பிடித்தது. சிதம்பரத்தில் போலீஸ் சுட்டு மாணவர் ஒருவர் இறந்துபோனார் என்று சேதி வந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கடலூர் பழைய டவுனில் டீச்சராக இருந்த நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு காக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அடுத்த நாளே, ரயில் பாலத்துக்கு யாரோ வெடி வைக்கப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி. வெளி ஜில்லாவிலிருந்து துப்பாக்கிப் போலீஸ் வந்து பாலத்தடியில் கூடாரம் போட்டது. கூட்டம் கூடக்கூடாது, மைக் வைக்கக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள். பள்ளிவாசலில் இருந்த மைக் செட்டை அவிழ்த்து உள்ளே வைத்தாயிற்று.

அன்றைக்கு நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து முத்தவல்லி லியாக்கத் அலி எங்கள் வாசலில் வந்து நின்றார். பள்ளிவாசல் நிர்வாகம் அவர் கையில். தோல் வியாபாரம், நல்ல வசதி, யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாத மனிதர். அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"மைக்கு இல்லாமப் போச்சு வதூது. மேலத் தெருவுக்குப் பாங்கு கேக்காது. இன்னிக்கி ரெண்டு வேட்டாப் போட்டுடு."

மச்சி கதவுக்குப் பின்னாலிருந்து, "பாலத்தாண்ட போலீஸு நிக்கிதுங்களே, சத்தம் கேட்டு வந்துட்டா?" என்றது.

"அவுங்களுக்கு நான் சொல்லி அனுப்பிக்கிறேம்மா. நோம்பு வேட்டுக்கு யாரு என்ன சொல்லப் போறாங்க?"

சொல்லி அனுப்பினாரா, யாரை அனுப்பினார், அந்த ஆள் எங்கே போனான் என்பதெல்லாம் இன்றுவரைக்கும் அல்லாவுக்குத்தான் வெளிச்சம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு. நாங்கள் காலங்காலமாகச் செய்வது உலகத்துக்கே தெரியும் என்று. வேட்டுச் சத்தம் கேட்டால் நோன்பு திறக்கிறார்கள் என்று நாய்க்குக்கூடத் தெரிகிற ஊர் இது. நேற்று வந்து இறங்கினவனுக்கு அது தெரியாது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. காக்காவுக்கும்தான் தோன்றவில்லை.

அந்தி நேரம். நான் கஞ்சியைக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தேன். முதல் வேட்டு அதிர்ந்தது. மச்சி தண்ணீரை எடுத்துக் குடித்தது, நானும் குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து டப் டப் என்று வேறு சத்தம், வேட்டைவிடச் சின்னது. மச்சி சிரித்துக்கொண்டு, "ஒங்க காக்கா இன்னிக்கே பெருநாளக் கொண்டாடுறாரு அஜீசு" என்றது. பாங்கு பாதியில் நின்றது. அது எங்களுக்கு உடனே உறைக்கவில்லை. நான் ஒரு வாய்க் கஞ்சியும் குடித்துவிட்டேன்.

நடந்ததை அப்புறம் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டோம். முதல் வேட்டுச் சத்தத்துக்குப் போலீஸ்காரர்கள் பாலத்தடியிலிருந்து ஓடி வந்திருக்கிறார்கள். காக்கா இரண்டாவது குழாயைக் கெட்டித்து முடித்து, வழக்கம்போல எரிகிற கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றியிருக்கிறார். மூன்று தரம் எச்சரித்தோம் என்றார்கள். ஊரில் ஒருத்தர் காதிலும் அந்த எச்சரிக்கை விழவில்லை, அவருடைய செவிட்டுக் காதில் எங்கே விழப்போகிறது. நெஞ்சில் ஒன்று, கழுத்தில் ஒன்று. நாங்கள் திடலுக்கு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மண்ணில் அவருடைய ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. மச்சி அதை எடுத்துத் தன் முந்தானையில் துடைத்தது. அழவில்லை. நான்தான் அலறினேன்.

மறுநாள் கடலூரிலிருந்து சேதி வந்தது. பாலத்தைத் தகர்க்க வந்த பயங்கரவாதி போலீஸ் மீது குண்டு வீசினான், தற்காப்புக்காகச் சுட்டோம் என்று எழுதியிருக்கிறார்களாம். பயங்கரவாதி! பினாங்குக் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே போய் வாந்தி எடுத்துக்கொண்டே வந்த பயங்கரவாதி. காக்காவின் மையத்து கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது, விசாரணை முடிந்துதான் தருவோம் என்றார்கள்.

மச்சி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தது.

"அஜீசு, அவரக் கொண்டாந்து குளிப்பாட்டி, கபன் துணி போட்டு, நம்ம மையத்தாங்கொல்லையில அடக்கணும். ஆனா குண்டு போட்டவருன்னு பேரோட அடக்க மாட்டேன். ஊருல ஒரே ஒரு ஆளு, ஆமா, அது நோம்பு வேட்டுன்னு சொல்லட்டும். ஒரு ஆளு போதும் எனக்கு."

ஒரு ஆள்தானே என்று நானும் நினைத்தேன். ஊரே வருசா வருசம் அந்த வேட்டுக்கு வாய் திறந்த ஊர். சாட்சிக்குப் பஞ்சமா? வந்த கோபத்தோடு முத்தவல்லி வீட்டுக்குப் போனேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். கண் கலங்கியிருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன்.

"நான் சொன்னதுனாலதாம்மா போட்டாரு. எனக்குத் தெரியாதா? ஆனா வேட்டு மருந்து வைக்க ஜமாத்துக்கு லைசென்ஸ் கெடையாது. சீனாக்காரன் சண்டையிலேர்ந்து எமர்ஜென்சி இன்னும் எடுக்கல. பள்ளிவாசல்ல வெடிமருந்து வச்சிருந்தாங்கன்னு ஆச்சுன்னா மொத்த ஜமாத்தையும் உள்ள தூக்கிப் போட்டுடுவான். அதுவும் நாம. நாம வெடிமருந்து வச்சிருந்தோம்னா அவன் வேற கணக்குத்தான் போடுவான்."

"அதுக்கு?"

"நம்ம பள்ளியில வேட்டே போடுறதில்லன்னு சொல்லியாச்சு. வதூது எங்க போனாரு, எதுக்குப் போனாருன்னு தெரியாதுன்னு சொல்லியாச்சு. போனவரு போயிட்டாரும்மா. இருக்கிறவங்களப் பாக்கணும்ல."

இரும்புக் குழாய்களை ராவோடு ராவாகப் பிடுங்கிக் குளத்தில் போட்டுவிட்டிருந்தார்கள். குழியைக்கூட மண் போட்டு மூடி, மேலே சாணம் தெளித்திருந்தார்கள். அட பாவிகளா என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். அவர் பயம் பொய்யில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால் வயிற்றெரிச்சல் குறைந்துவிடுமா?

மோதினார் அப்துல் ஹக்கைப் பள்ளிவாசல் கிணற்றடியில் பிடித்தேன். மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்த ஒரே கண் அவருடையது.

"மோதினாரே, பச்சைத் துணி தொங்கவிட்டது நீங்கதானே?"

"நான் வானத்தப் பாத்துக்கிட்டிருந்தேம்மா. கீழ ஒண்ணும் பாக்கல."

"பாங்கை ஏன் பாதியில நிறுத்துனீங்க? வானம் இடிஞ்சு விழுந்துச்சா?"

அவர் தண்ணீர் இறைக்கிற கயிற்றை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். குடியிருக்கிற வீடு ஜமாத்து கொடுத்தது, சாப்பிடுகிற சோறு ஜமாத்து கொடுத்தது, வீட்டில் வயதுக்கு வந்த பெண்கள். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் கிணற்றில் குதித்திருப்பார் போலிருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். நான் முதல் ஆளாகப் போய் நின்றேன். அது நோன்பு வேட்டு, முத்தவல்லி போடச் சொன்னதை நானே கேட்டேன் என்றேன்.

"சுடும்போது நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்லிங்க. கஞ்சி ஊத்திக்கிட்டிருந்தேன்."

"செத்தவருக்கு நீங்க என்ன ஒறவு?"

"கூடப்பொறந்த தங்கச்சி."

"சரி, போங்கம்மா" என்று பேனாவை மூடினார். ஒரு வரி எழுதவில்லை. பிறகு ஆண்களை வரிசையாகக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார். உங்கள் பள்ளிவாசலில் வேட்டுப் போடுகிற பழக்கம் உண்டா? இல்லிங்க. உண்டா? இல்லிங்க. நோன்பு வைத்து உலர்ந்துபோன வாய்கள், ஒன்றன்பின் ஒன்றாக, இல்லிங்க, இல்லிங்க. எச்சிலை விழுங்கினால் நோன்பு முறியுமா என்று என்னிடம் சந்தேகம் கேட்ட ஆட்கள்தான் அத்தனை பேரும்.

விடுவதாக இல்லை என்று பஸ் ஏறித் திருவதிகை போனேன். சடையப்பனிடம் விசயத்தைச் சொன்னேன். அந்த மனுசன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "வா தாயி, போவலாம்" என்று எழுந்துவிட்டார். அவர் வீட்டம்மாள் கையைப் பிடித்து இழுத்தது. "ஒண்ணும் ஆவாதுடி. நாம குடுத்த மருந்து எதுக்குக் குடுத்ததுன்னு நாமதான சொல்லணும்?" என்று கையை உதறிவிட்டு வந்தார். வழியெல்லாம் எனக்குத் தெம்பாக இருந்தது. ஒரு ஆள் போதும் என்று மச்சி சொன்னதே, இதோ ஒரு ஆள்.

அதிகாரி முன்னால் கைகட்டி நின்று சொன்னார். "மருந்து குடுத்தது நான்தாங்க. வருசா வருசம் குடுக்கிறதுங்க. பள்ளிவாசல் நோம்பு வேட்டுக்குங்க."

பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர், "ஊருல அத்தன பேரும் வேட்டே கெடையாதுங்கிறான். அப்ப நீ எதுக்குய்யா மருந்து குடுத்த? பாலத்துக்கா?" என்றார்.

சடையப்பன் திரும்பி முத்தவல்லியைப் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்தார். எல்லாரும் அவருக்குப் பழக்கமான முகங்கள். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. அவரை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெளியே வரவே மாதக்கணக்காயிற்று. வந்த பிறகும் அவர் வாணத் தொழிலைத் தொடவில்லை. அவர் வீட்டுப் பக்கம் போக எனக்கு முகம் இருக்கவில்லை. அன்றைக்கு அந்த வண்டி போன பிறகு தைக்கால்மேட்டில் எங்கள் வீட்டுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்கக்கூட யாரும் வரவில்லை. உண்மை பேசினால் என்ன ஆகும் என்று எல்லாரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் மச்சி கடலூருக்குக் கிளம்பியது. புருசன் மௌத்தான பெண் இத்தா இருக்க வேண்டும், வாசல்படி தாண்டக்கூடாது என்று முத்தவல்லி ஆள் அனுப்பினார். மச்சி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டே, "மையத்து வீட்டுக்கு வரட்டும், அப்புறம் இத்தா இருக்கேன்னு சொல்லு" என்று அந்த ஆளைத் தாண்டி நடந்தது.

ஆஸ்பத்திரி பிணவறைக்கு வெளியே அதே இன்ஸ்பெக்டர் இருந்தார். கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை, நாற்காலிகூடப் போட்டார். வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்தால் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். என்ன வாக்குமூலம் என்று கேட்டு நான் வாங்கிப் படித்தேன். என் கணவர் போலீஸார் மீது வெடி வீசியதில் இந்தச் சாவு நேர்ந்தது, எனக்கு யார் மீதும் புகார் இல்லை. அவ்வளவுதான். வைக்காவிட்டால் கேட்பாரற்ற பிணமென்று இங்கேயே புதைத்துவிடுவோம், இனிமேல் வைத்திருக்க முடியாது என்றார்.

"ஒரு தடவ பாத்துட்டு வர்றேங்க" என்றது மச்சி.

உள்ளே போய்வந்தது. நான் போகவில்லை, வாசல் வரைக்கும் வந்த வாடையே என்னை நிறுத்திவிட்டது. வெளியே வந்த மச்சியின் முகத்தில் நான் அதுவரை பார்த்த ஜொஹரா பீவி இல்லை.

"மச்சி, வைக்காதீங்க. வச்சா அவரு குண்டு போட்டவருதான்னு ஆயிடும். கலெக்டர்கிட்ட போவோம், மெட்ராஸுக்குப் போவோம்" என்று நான் அதன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"யாரு வருவா அஜீசு நம்மகூட? ஒரு ஆளச் சொல்லு, வைக்கல."

நான் யாரைச் சொல்வேன்?

"பேரு ஒனக்கு வேணும். எனக்கு அவரு வேணும். புழு வைக்கிதுடி அவருக்கு" என்று சொல்லிவிட்டு மச்சி விரலை நீட்டியது. மை தடவிய போலீஸ்காரர் அந்த விரலைப் பிடித்து அழுத்தும்போது அவர் கண்ணும் கலங்கியதைப் பார்த்தேன். என்ன பிரயோசனம்.

மையத்தைக் கொண்டுவந்தபோது ஊரே திரண்டு வந்தது. அடடா, என்ன மரியாதை! மையத்தைச் சுமந்த சந்தூக்குப் பெட்டியின் முன்கால் முத்தவல்லி தோளில். தொழுகையில் இடம் போதாமல் தெருவில் நின்றார்கள். மோதினார் விக்கி விக்கி அழுதார். வீட்டுக்கு வீடு சோறு செய்து அனுப்பினார்கள். நான் அந்தச் சட்டிகளைத் தெருவில் கொட்டப் போனேன், மச்சிதான் தடுத்தது. பிறகு பெருநாள் வந்தது. எல்லாரும் புதுத்துணி உடுத்திக்கொண்டு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பூமி சும்மா கிடந்தது.

அறுபத்தேழில் ஆட்சி மாறியது. போராட்டத்தில் செத்தவர்களைத் தியாகி என்று கொண்டாட ஆரம்பித்தார்கள். ஒருநாள் முத்தவல்லி, கட்சிக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மச்சி கதவுக்குப் பின்னால் நின்றது, நான் வெளியே நின்றேன்.

கட்சிக்காரர், "அம்மா, ஒங்க வீட்டுக்காரரு தமிழுக்காக உயிரக் குடுத்தவரு. ரயில் பாலத்தத் தகர்க்கப் போன வீரரு. பாலத்தாண்ட அவரு பேருல கூட்டம் போடப் போறோம், கொடிக்கம்பம் வைக்கப் போறோம்" என்றார்.

மச்சி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது.

"முத்தவல்லி, இப்ப எமர்ஜென்சிப் பயம் இல்ல. இப்பயாச்சும் சொல்லிடுங்க. நீங்க போடச் சொன்ன நோம்பு வேட்டுதான்னு இவருகிட்ட சொல்லுங்க."

முத்தவல்லி குரலைத் தாழ்த்தினார். "இப்பப் போயி அதச் சொன்னா அவரு தியாகி இல்லன்னு ஆயிடும்மா. நல்ல பேரு தானா வருது. அதக் கெடுக்கலாமா? நம்ம ஜனத்துக்கும் ஒரு மதிப்பு. அதோட, குண்டு போட்டாருன்னு நீயே சொல்லியிருக்கியே. போலீஸ்ல கேட்டுட்டுத்தான் இவுங்க வந்திருக்காங்க."

மச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு உள்ளே போய்விட்டது. அன்றைக்கு நான் வாயில் வந்தபடியெல்லாம் பேசினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, கூட்டம் நடக்கிற தேதியைச் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டத்துக்கு மச்சி வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. பெரிய மேடை, டியூப் லைட்டு. காக்காவின் படம் ஒன்று எங்கேயும் கிடையாது, யாரோ ஒரு ஆளை மீசையோடு வரைந்து மாலை போட்டிருந்தார்கள். காக்கா மீசை வைத்ததே இல்லை. பேச வந்தவர் ஒவ்வொருவரும் அவரை வளர்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில் பேசியவர் சொன்னதைக் கேட்டால், அவர் நெஞ்சைத் திறந்துகாட்டி "சுடு" என்று கர்ஜித்தாராம். முன்வரிசையில் ஜமாத்தார் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். தியாகியின் மனைவிக்குப் பொன்னாடை என்று கூப்பிட்டார்கள். மச்சி மேடை ஏறியது. பொன்னாடையை வாங்கவில்லை. பேசியவர் முன்னால் இருந்த மைக்குக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஒரு மேடையில் ஏறி நிற்பது அதற்கு வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

"அவரு குண்டு போடல. நோம்பு தொறக்க வேட்டுப் போட்டாரு. இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பொணத்த வாங்குறதுக்காக நான் பொய் சொன்னேன்."

மச்சி முன்வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. முத்தவல்லி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். மோதினார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. கட்சிக்காரர் எழுந்து மச்சியை மெல்ல ஒதுக்கிவிட்டு, "தியாகியோட துணைவியாரு துக்கத்துல என்ன பேசுறோம்னு தெரியாமப் பேசுறாங்க. புருசனப் பறிகொடுத்த மனசு. ஒரு நிமிசம் எல்லாரும் எழுந்து நின்னு மௌனமா இருப்போம்" என்றார். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. ஜமாத்தாரும் நின்றார்கள்.

மச்சி இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது.

"அஜீசு, நான் சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மச்சி."

"யாராச்சும் ஆமான்னாங்களா?"

"இல்ல மச்சி" என்றேன்.